முதல் தரச் சாக்கெட்டும் இரண்டாம் தரக் கையும்

யுத்தம் திருவிதாங்கூர் வரைக்கும் வரவில்லை. அதன் படிவங்கள் வந்துவிட்டன.

கொல்லவருஷம் 1118 (இங்கிலீஷ் கணக்கில் 1943) மீனமாதத்தில், கரமனை ஆற்றங்கரையில் இருந்த ஒரு பஸ் பணிமனையில், யோசுவா என்ற மெக்கானிக் வலது கையில் இரண்டு விரல்களை இழந்தான். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பஸ்ஸின் பின்சக்கர நட்டை அவன் இறுக்கிக்கொண்டிருந்தான். நட்டின் தலையில் கவிழ்க்கிற தடித்த இரும்புக் கிண்ணத்துக்குச் சாக்கெட் என்று பெயர். அதில் நீளமான கைப்பிடியைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு முறுக்க வேண்டும். அப்படி முறுக்கும்போது கிண்ணம் இரண்டாகப் பிளந்தது. பாரம் தாங்க ஒன்றுமில்லாமல் போய், கை ஸ்பிரிங் பட்டையின் விளிம்பில் அறைந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெகுநேரம் பார்த்துவிட்டு, மீதி மூன்றைக் காப்பாற்றித் தந்தார்.

பக்கத்துச் சக்கரத்தில் வேலை செய்துகொண்டிருந்த பிச்சையா உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தான். அவன் நாஞ்சில்நாட்டுக்காரன்; பதினெட்டு வருஷமாக நட்டு முறுக்குகிறவன். அதிகம் பேச மாட்டான். உடைந்த வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். நல்ல எஃகு உடைந்தால் உள்ளே மாவு போல நைசாக இருக்கும். இது கற்கண்டை உடைத்தாற்போல் பருக்கை பருக்கையாக மின்னியது. வெறும் வார்ப்பிரும்பு. அதன்மேல் அழகாக ஒரு முத்திரை: சங்கு, அதற்குக் கீழே ‘முதல் தரம்’.

சீமைச் சாக்கெட்டுகள் கப்பலில் வருவது நின்று போனதிலிருந்து பத்துச் சக்கரம் காசுக்குக் கிடைக்கிற இந்த உள்ளூர்ச் சாக்கெட்டுகள்தான். பழைய சீமைச் சாமான்களையெல்லாம் கட்டுப்பாட்டு உத்தரவின்படி பணிமனைகள் ஒப்படைத்துவிட்டன. முத்திரை இல்லாத சாக்கெட்டை எடுத்தால் மெக்கானிக்கின் லைசென்ஸ் போய்விடும்.

அன்று சாயங்காலமே பணிமனை மானேஜர் பகவதிப்பெருமாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கெட்டவர் இல்லை. மேலே இருந்து வருவதைக் கீழே கொடுத்துவிட்டால் தன் பங்கு முடிந்தது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

“பிச்சையா, யோசுவாக்க லைசென்ஸை ரத்து பண்ணணும்னு சட்டம் சொல்லுகு.”

“விரலு போனதுக்கா?”

“சாக்கெட்டு போனதுக்கு. முதல் தரம் உடையாதுல்லா? உடைஞ்சா, முறுக்குனவன் தப்பா முறுக்கியிருக்கான். பதினஞ்சு நாளைக்குள்ள, சாக்கெட்டுலதான் குத்தம்னு முத்திரை போட்ட சர்க்கார் கச்சேரியே எழுதித் தந்தா பொழைச்சான்.”

“சாக்கெட்டு நல்லதுன்னு முத்திரை போட்டவன்கிட்டயே போய், கெட்டதுன்னு எழுதி வாங்கணும்?”

“வேற எவங்கிட்ட வாங்குவேரு?” என்றார் பகவதிப்பெருமாள், உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டு.

யோசுவாவின் மனைவி ராஜபாய்க்கு அப்போது ஏழாம் மாதம். பிச்சையா மறுநாள் காலை துண்டுகள் இரண்டையும் ஒரு துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

மோட்டார்க் கருவித் தர நிர்ணயக் கச்சேரி பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்கத் தேங்காய் உடைந்துகொண்டிருக்கும். மேலே எதுவும் உடைவதில்லை என்பது அந்தக் கச்சேரியின் கொள்கை.

ஹெட் கிளார்க் நாகேஸ்வரன் துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

“இது என்ன, ஒரு சாக்கெட்டா, ரெண்டு சாக்கெட்டா?”

“ஒண்ணு உடைஞ்சு ரெண்டாயிருக்கு, சாமி.”

“அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது ஓய். ஒண்ணுன்னு எழுதினா நீர் ரெண்டு துண்டு கொண்டுவந்திருக்கேர். ரெண்டுன்னு எழுதினா உம்ம பணிமனைக்கு நாங்க கொடுத்தது ஒண்ணு. மற்றது எங்கேர்ந்து வந்துதுன்னு கேள்வி வரும்.”

“அப்பம் அந்த எடத்தைச் சும்மா விட்டுருங்க.”

அறையில் இருந்த நான்கு குமாஸ்தாக்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாகேஸ்வரனின் முகம் சுருங்கிவிட்டது.

“ஓய், இந்தக் கச்சேரி ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. ஒரு படிவத்திலே முப்பத்தாறு கட்டம். இன்னிவரைக்கும் ஒரு கட்டம் காலியா போனதில்லை. சூப்பிரண்டு அவர்கள் காய்ச்சல்லே கிடந்தப்போகூட ஆத்திலே படுத்துண்டே நிரப்பியாக்கும் அனுப்பினார்.”

கடைசியில் ‘இரண்டு, ஒன்றாக இருந்தது’ என்று எழுதினார்கள். அதற்கு மூன்று நாளானது.

நான்காம் நாள் சூப்பிரண்டு வெங்கடசுப்ரமணியனைப் பார்க்க முடிந்தது. சிவந்த மேனி, தங்க பிரேம் கண்ணாடி, மடிப்புக் கலையாத கோட்டு. மனதார நல்லது செய்வதாக நம்புகிற மனிதர்களுக்கு உள்ள ஒரு நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. அதைப் பார்த்ததும் பிச்சையா நினைத்துக்கொண்டான்: கெட்டவனாக இருந்தால் சண்டை போடலாம்.

“வாரும், வாரும். புகார் சொல்ல வந்திருக்கேர். சாரமில்லை, பரவாயில்லை. முதல்ல பரிசோதனை எப்படி நடக்கறதுன்னு பாரும். பாத்தாலே உம்ம சந்தேகம் போயிடும்.”

மேஜையில் புதுச் சாக்கெட்டுகள் வரிசையாக நின்றன. ஒரு குமாஸ்தா முதல் சாக்கெட்டை எடுத்து வெள்ளைத் துணியால் துடைத்துச் சூப்பிரண்டின் முகத்துக்கு எதிரே பிடித்தான். அதில் தம் முகம் தெரிகிறதா என்று பார்த்துச் சூப்பிரண்டு மீசையைத் தடவிக்கொண்டார். இது தோற்றம். பிறகு தராசில் வைத்தார்கள். கனமாக இருந்தால் நல்லது. இது எடை. மூன்றாவதாகச் சூப்பிரண்டு ஒரு சிறிய வெள்ளிக் கோலால் சாக்கெட்டைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கீழே கோவில் வாசலில் தேங்காய்க் கடைக்காரன் தட்டுவதும் அப்படித்தான். ஆனால் அவன் உடைத்தும் காட்டுவான்.

“சுத்தமான நாதம்,” என்றார் சூப்பிரண்டு. “போடு முத்திரை.”

சேவகன் ஒருவன் எஃகு அச்சைச் சாக்கெட்டின் பக்கத்தில் வைத்து, பெரிய சுத்தியலால் ஓங்கி ஒரு அடி அடித்தான். சங்கு பதிந்தது. பிச்சையாவின் காதில் அந்த அடிக்குள்ளே இன்னொரு சின்னச் சத்தம் கேட்டது. எறும்பு கடித்தாற்போல் ஒரு ‘கிட்’. அவன் குனிந்து அந்தச் சாக்கெட்டை எடுத்தான். சங்கின் வாலிலிருந்து மயிரிழை போல ஒரு கீறல் ஓடியிருந்தது. தன் துணிக்கட்டை அவிழ்த்து உடைந்த துண்டுகளைச் சேர்த்துப் பிடித்தான். அதுவும் சங்கின் வாலிலிருந்துதான் பிளந்திருந்தது.

“சாமி, இங்கன பாருங்க. வார்ப்பிரும்பு அடி தாங்காது. முத்திரை அடிக்கச்சிலயே கீறல் விட்டுருகு. முத்திரை எங்க இருக்கோ அங்கனதான் உடையும்.”

சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு வெகு சிரத்தையாகப் பார்த்தார். பிச்சையா துண்டுகளை இன்னும் கிட்டத்தில் நீட்டினான்.

“உண்மைதான்,” என்றார் சூப்பிரண்டு. “நாகேஸ்வரா, இதைக் குறிச்சுக்கோ. முத்திரை ஆழமாப் பதியலை. இனிமே ரெண்டு அடி அடிக்கணும்.”

பிச்சையா துண்டுகளைத் திரும்பத் துணியில் வைத்துக் கட்டினான். பேசினால் என்ன பேசுவோம் என்று அவனுக்கே பயமாக இருந்தது. பிறகு கேட்டான்: “சாமி, இதை ஒரு நட்டுல மாட்டி முறுக்கிப் பாத்ததுண்டா?”

“நட்டா?” சூப்பிரண்டு சிரித்தார். “நட்டு எங்க கச்சேரியிலே கிடையாது ஓய். நட்டு வேற கச்சேரி. ஒரு நட்டு வேணும்னு எழுதிக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. என்ன வேலைக்கு நட்டுன்னு கேட்டிருக்கா. சாக்கெட்டைச் சோதிக்கன்னு பதில் போட்டோம். சாக்கெட்டைத்தான் நீங்க ஏற்கெனவே சோதிச்சு முத்திரை போடறேளே, பின்னே நட்டு எதுக்குன்னு திருப்பிக் கேட்டிருக்கா. நியாயமான கேள்வி. பதில் யோசிச்சுண்டிருக்கோம்.”

பிச்சையா மடியிலிருந்து ஒரு சக்கர நட்டை எடுத்து மேஜைமேல் வைத்தான். எண்ணெய்க் கறை பிடித்த, ஆறு முகமுள்ள, சாதாரண நட்டு. அந்த மேஜைக்கு அதுவரை அப்படி ஒரு விருந்தாளி வந்ததில்லை. சூப்பிரண்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

“தனியார் நட்டு! எடும், எடும். எங்க சாக்கெட்டிலே கீறல் விழுந்தா யார் பொறுப்பு?”

“அதைத்தானே சாமி பாக்கணும்?”

“புரியாம பேசறேரே. கேளும். சாதாரண ஜனங்க நினைக்கறா, தரம்னா அது சாமானுக்குள்ளே எங்கேயோ இருக்கறதுன்னு. அப்படி இருந்தா ராஜ்யத்துக்கு எங்களை மாதிரி ஒரு கச்சேரி எதுக்கு? அவாவா முறுக்கிப் பாத்துத் தெரிஞ்சுண்டுடுவாளே! தரம் சாமான்லே இல்லை ஓய். நாங்க எழுதறப்போதான் அது உண்டாறது. எழுதினப்புறம் உடைஞ்சா, அது சாக்கெட் உடைஞ்சதில்லை. எழுத்தை ஒருத்தன் அவமதிச்சதாக்கும்.”

குமாஸ்தாக்கள் தலையாட்டினார்கள். ஒருவன் அதைக் குறித்துக்கொண்டான்.

ஆனாலும் புகார் வந்துவிட்டது, அதற்கும் ஒரு கட்டம் இருந்தது. ஆகவே பதினைந்தாம் நாள் நட்டுப் பரிசோதனை ஒன்று நடத்துவதென்று முடிவாயிற்று. யோசுவாவையும் கூட்டிவரச் சொன்னார்கள்.

அன்றைக்கு அறை நிறையக் கூட்டம். யோசுவா கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மரப்பீடம் ஒன்றில், பட்டுத்துணி விரித்து, நட்டை வைத்திருந்தார்கள். பிச்சையா கிட்டே போய்ப் பார்த்தான். பலா மரத்தில் கடைந்து, மஞ்சள் மெருகு பூசிய நட்டு.

“இரும்பு நட்டுன்னா சாக்கெட்டுக்குச் சேதம் வரலாம்,” என்று நாகேஸ்வரன் விளக்கினார். “அதனாலே கரமனையிலே ஆசாரியைக் கொண்டு பண்ணிச்சோம். அளவு அச்சா அதே அளவு.”

சேவகன் சாக்கெட்டை மர நட்டின்மேல் கவிழ்த்து முறுக்கினான். ‘மொறுக்’ என்று சத்தம். எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நட்டின் ஆறு மூலையும் மழுங்கி, அது மாங்கொட்டை போல ஆகிவிட்டிருந்தது. சாக்கெட்டுக்கு ஒன்றுமில்லை. அறையில் கைதட்டல் எழுந்தது.

“எழுது நாகேஸ்வரா,” என்றார் சூப்பிரண்டு. “சாக்கெட் முதல் தரம். நட்டு தள்ளுபடி.”

“எசமானே,” என்றான் யோசுவா. அவன் குரல் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டது. “அது மரமாக்கும். பஸ்ஸுல இருக்கது இரும்பு.”

“அப்படியானா பாக்கி ஒண்ணுதான் இருக்கு,” என்றார் சூப்பிரண்டு. “சாக்கெட்டிலே குற்றமில்லைன்னு இப்போ நிரூபணமாயிடுத்து. முறுக்கினது எது? கை. அதைச் சோதிக்காம முடிவு சொன்னா ஒருதலைப்பட்சமாயிடும். எங்க மேலே அந்தப் பழி வேண்டாம். கட்டை அவிழ்.”

பிச்சையா முன்னால் வருவதற்குள் இரண்டு குமாஸ்தாக்கள் யோசுவாவின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். மரியாதையாகத்தான் அவிழ்த்தார்கள். தையல் இன்னும் ஆறவில்லை. சூப்பிரண்டு தோற்றம் பார்த்தார். ‘தோற்றம்: குறைவுண்டு.’ கையைத் தராசில் வைத்தார்கள். ‘எடை: குறைவு.’ பிறகு சூப்பிரண்டு, தம் கடமையில் எதையும் விடக்கூடாது என்பதால், வெள்ளிக் கோலை எடுத்து, மிகவும் மெதுவாக, யோசுவாவின் மணிக்கட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

யோசுவாவின் பல் இறுகியது. சத்தம் வரவில்லை.

“நாதம் இல்லை,” என்றார் சூப்பிரண்டு. “கை இரண்டாம் தரம். புகார் தள்ளுபடி.”

அந்தக் கணத்தில் பிச்சையா சுத்தியலைப் பார்த்தான். சேவகனின் கையில் இருந்த அந்த முத்திரைச் சுத்தியலை. பார்த்த கண்ணை எடுக்க அவனுக்கு நேரம் பிடித்தது. கீழே ஒரு தேங்காய் உடைந்தது. பிறகு இன்னொன்று. அவன் தரையில் கிடந்த கட்டுத்துணியை எடுத்து, யோசுவாவின் கையைச் சுற்றிக் கட்டி, அவனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினான்.

தெருவில் கச்சேரியின் கறுப்பு மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பின்சக்கரத்தில் காற்றில்லை. உள்ளே சூப்பிரண்டின் மனைவி லலிதாம்பாள் பட்டுப்புடவையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்; மடியில் பழத்தட்டு. சுசீந்திரத்தில் கல்யாணம், முகூர்த்தத்துக்குப் போக வேண்டும். டிரைவருக்கு அன்று காய்ச்சல். வண்டியைச் சூப்பிரண்டே ஓட்டிக்கொண்டு போவதாக இருந்தார்.

பின்னாலேயே இறங்கி வந்த சூப்பிரண்டு சக்கரத்தைப் பார்த்தார், பிறகு பிச்சையாவைப் பார்த்தார். சிறிதும் கூசாமல் கேட்டார்.

“ஓய் பிச்சையா, நல்ல சமயத்திலே இருக்கேர். இந்தச் சக்கரத்தைக் கொஞ்சம் மாத்திக் கொடும். நேரமாயிடுத்து.”

பிச்சையா வண்டியை ஜாக்கியில் தூக்கினான். பழைய சக்கரத்தைக் கழற்றி மாற்றுச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை விரலால் திருகி விட்டான். இனி இறுக்க வேண்டும். தன் பையைத் திறந்து, உடைந்ததற்கு மாற்றாகப் பணிமனைக்கு வந்திருந்த சங்கு முத்திரை போட்ட புதுச் சாக்கெட்டை எடுத்து முதல் நட்டின்மேல் கவிழ்த்தான்.

“ஐயோ, அது வேண்டாம்!” என்று கத்தினார் சூப்பிரண்டு.

தேங்காய்க் கடைக்காரன் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். மாடி ஜன்னலில் குமாஸ்தாக்களின் தலைகள் முளைத்தன.

“டிக்கியிலே ஒரு பெட்டி இருக்கு பாரும். அதை எடும்.”

பெட்டிக்குள்ளே வெல்வெட்டில், வரிசையாக, பத்துச் சீமைச் சாக்கெட்டுகள் படுத்திருந்தன. ஒன்றிலும் முத்திரை இல்லை. ஒப்படைத்த சாமான் எங்கே போயிற்று என்று பிச்சையாவுக்கு இப்போது தெரிந்தது. ஒன்றின் ஓரத்தில் அரத்தால் இட்ட சின்னக் கோடுகூட இருந்தது. அது அவன் இட்ட அடையாளம்.

“இதைத் தொட எனக்கு அதிகாரமில்லை, சாமி. முத்திரை இல்லாததைத் தொட்டா லைசென்ஸ் போயிரும். எனக்கு இதுதான் உண்டு,” என்று சங்குச் சாக்கெட்டைக் காட்டினான். “முதல் தரமாக்கும். ரெண்டு அடி அடிச்சது.”

“அதை வச்சு முறுக்கி, பாதி வழியிலே சக்கரம் கழண்டுதுன்னா? ஆத்துக்காரி உக்காந்திருக்கா ஓய்! மனுஷா போற வண்டி!”

பிச்சையா நிமிர்ந்து நின்றான்.

“போனக்காட்டு பஸ்ஸுல என்னது சாமி போகு?”

வெங்கடசுப்ரமணியன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது அவருக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. லலிதாம்பாள்தான் பழத்தட்டைப் பார்த்தபடி தலையைக் குனிந்துகொண்டார்.

“ஷெரி,” என்றார் சூப்பிரண்டு கடைசியில். “என்ன வேணும் உமக்கு?”

“எழுத்து வேணும்.”

“நாகேஸ்வரா! விதிவிலக்குப் படிவம்!”

நாகேஸ்வரன் படிவமும் மையும் முத்திரையுமாக ஓடிவந்தார். சூப்பிரண்டு மோட்டாரின் பானெட்மேல் வைத்து மளமளவென்று எழுதினார். வண்டி எண், தேதி, நேரம். ‘சங்கு முத்திரைச் சாக்கெட்டைச் சக்கர நட்டுக்கு உபயோகிக்க வேண்டியதில்லை.’ முப்பத்தைந்து கட்டங்கள் நிரம்பின. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அதற்குத் தலைப்பு ‘காரணம்’.

பிச்சையா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். “நேரமாறதே,” என்றார் லலிதாம்பாள் உள்ளேயிருந்து. சூப்பிரண்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஒரு கணம் அவர் நாகேஸ்வரனைப் பார்த்தார். நாகேஸ்வரன் அந்தக் காலிக் கட்டத்தையே கலவரத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருஷத்தில் ஒன்றுகூடக் காலியாகப் போனதில்லை. சூப்பிரண்டாலும் அதைக் காலியாக விட முடியவில்லை. எழுதினார்: ‘உடையும் என்பதால்.’ கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார்.

பிச்சையா காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, தன் அடையாளம் இருந்த சீமைச் சாக்கெட்டை எடுத்து, ஐந்து நட்டையும் இறுக்கினான். ஒன்றையும் தளர்த்தி விடவில்லை. விட நினைத்தான். கைக்கு அது வரவில்லை. வண்டி போனதும் தன்மேலேயே அவனுக்கு ஆத்திரமாக வந்தது.

“அண்ணே, என்னத்தையாக்கும் எழுதியிருக்காரு?” என்று யோசுவா கேட்டான்.

பிச்சையா படித்துக் காட்டினான். யோசுவா சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு பாதியில் வேறாக மாறிவிட்டது. பிச்சையா கோவில் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

பகவதிப்பெருமாள் அந்தக் காகிதத்தை நான்கு முறை படித்தார். மேலே இருந்து வந்த காகிதம். கீழே கொடுக்க வேண்டியதுதான். யோசுவாவின் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். போனக்காட்டு பஸ்ஸின் சக்கரத்துக்கு அன்றிலிருந்து யாரும் சங்குச் சாக்கெட்டை எடுக்கவில்லை. ஊருக்குள் ஒரு கொல்லனைப் பிடித்துப் பழைய பஸ் அச்சுக் கம்பியில் நாலு சாக்கெட் அடித்துக்கொண்டார்கள். கேட்டவனுக்கெல்லாம் பிச்சையா காகிதத்தைக் காட்டினான். மற்றப் பணிமனைக்காரர்களும் வந்து நகல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கச்சேரி இதையெல்லாம் கவனித்தது. தவறு எங்கே நேர்ந்தது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். அது வெகு சீக்கிரமாகவே கண்டுபிடித்துவிட்டது. சாக்கெட்டில் அல்ல; படிவத்தில். சிங்கமாதம் முதல் எல்லாப் படிவத்திலிருந்தும் ‘காரணம்’ என்ற கட்டம் நீக்கப்பட்டது. அதன் இடத்தில், கட்டங்களின் எண்ணிக்கை குறையாமல் இருப்பதற்காக, புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள்.

அடுத்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற நாளில் யோசுவா மேஜை முன்னால் நின்றான். ஒரு வயதுக் குழந்தை ராஜபாயின் இடுப்பில் இருந்தது. பகவதிப்பெருமாள் எழுதிக்கொண்டே வந்தார். பெயர், ஊர், வயது.

“கையோட தரம்?” என்றார், தலை நிமிராமல்.

“ரெண்டு,” என்றான் யோசுவா.

பிச்சையா பக்கத்தில் வந்து படிவத்தை எட்டிப் பார்த்தான். ஏன் என்று எழுத அதில் இடமில்லை.